சில்லறை மீனும் சில்லறை மனிதரும்



சென்ற மாதம் கொழிஞ்சாம்பாறையில் கூடிய நம் கிளைக் கூட்டத்தில் ஆறாவது தீர்மானத்தை நான் வாசித்தபோது கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "புதுமழை தொடங்கி நாற்பத்தைந்து நாட்களுக்கு நம் உறுப்பினர் எவரும் வலை, பறி, தடுப்பு எதுவும் போட்டு ஆற்றில் மீன் பிடிப்பதில்லை, விஷம், தோட்டா, கரண்டு மூன்றையும் எக்காலத்திலும் தொடுவதில்லை" என்பதே அத்தீர்மானம். பின் வரிசையில் இருந்து ஒருவர், "சங்கம் மீன் மார்க்கெட் ஆகிவிட்டதா?" என்று கேட்டார். நான் அண்ணன் என்றே அழைக்கும் மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். "தம்பி, 2015-ல் மூணாறில் நம் பெண்கள் தெருவில் உட்கார்ந்து 232 ரூபாய்க் கூலியை 500 ஆக்கு என்று கேட்டு 301-ல் வந்து நின்றோம். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் ஒரே இரவில் எழுபது பேரை மண்ணுக்குக் கொடுத்தோம். அந்த லயங்களைப் போன்ற லயங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. உனக்குக் கெண்டை மீன் பெரிதாகத் தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். தீர்மானம் ஒத்தி வைக்கப்பட்டது.

அண்ணனுக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். எனக்குக் கடைசி வண்டிக்கு நேரமாகிவிட்டது. ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன் மற்றவர்களை வண்டிக்கு நேரத்தோடு வா என்று சொல்லிவிட்டுத் தான் தவறவிடக் கூடாது அல்லவா? ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஆற்று மீன்களை இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சால்மன், டிரவுட் இரண்டும் பிரபுக்களின் மீன். அவற்றை வேட்டை மீன் என்பார்கள். மற்றவை எல்லாம், அதாவது ரோச், பிரீம், பெர்ச் என்று ஏரியிலும் கால்வாயிலும் மந்தமான ஆற்றிலும் கிடைப்பவை எல்லாம், 'கோர்ஸ் ஃபிஷ்'. கோர்ஸ் என்றால் மட்டமானது, முரடானது என்று பொருள். நம் சந்தைப் பேச்சில் சொன்னால் சில்லறை மீன். ரோச் என்பது வெள்ளி உடம்பும் சிவந்த துடுப்பும் சிவந்த கண்ணும் கொண்டது. நம் கெண்டைக்குத் தூரத்துப் பங்காளி. கால் கிலோ இருந்தாலே நல்ல மீன். ஒரு கிலோ ரோச் பிடித்தவன் ஆயுள் முழுதும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பான். மீனுக்கு யார் சாதி வைத்தது? ஆற்றங்கரை நிலம் யாருடையதோ அவர்கள்தான். டிரவுட் ஓடும் தெளிந்த ஓடையின் கரை பிரபுவுக்கு. ஆலைச் சாக்கடை கலக்கும் கால்வாயின் கரை ஆலைத் தொழிலாளிக்கு.

இந்தச் சாதிப் பிரிவினையைத்தான் துரைமார்கள் கப்பலேற்றி நம் மலைக்கும் கொண்டுவந்தார்கள். நீலகிரியில் அவலாஞ்சியிலும், நுவரெலியாவிலும், மூணாறு மலையிலும் டிரவுட் மீனை இறக்குமதி செய்து ஓடைகளில் விட்டார்கள். குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டால் டிரவுட் சாகும். ஆதலால் தேயிலை விளையும் உயரத்திற்கு மேலே உள்ள ஓடைகள்தான் அதற்குத் தோது. அந்த ஓடையிலேயே ஆண்டாண்டாக நம் கெண்டையும் கல்லைக் கவ்விக்கொண்டு கிடக்கும் கல்லொட்டியும் அயிரையும் இருந்தன. அவற்றை யாரும் கணக்கில் வைக்கவில்லை. டிரவுட்டுக்குத் தீனி என்று வைத்தார்கள், அவ்வளவுதான். சென்னை ராஜதானியில் கலெக்டர் வேலை பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற துரை 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றியே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். நம் ஆறுகளின் பெருங்கெண்டையைப் பற்றி அதில் புகழ்ச்சி நிரம்ப உண்டு. மனிதர் மீனை அறிந்தவர்தான், மறுக்கவில்லை.

இனி என் சொந்தக் கதை கொஞ்சம். என் தகப்பனார் போடிப் பக்கத்தில் இருந்து மலையேறித் தேவிகுளம் தாலுகாவில் ஓர் எஸ்டேட்டில் கவ்வாத்து வெட்டியவர். எனக்குப் பத்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குக் கீழே உள்ள ஓடைக்குப் போவார். மூங்கில் குச்சி, தங்கூசி நரம்பு, ஒரு சின்ன முள், தக்கைக்கு மயிலிறகின் தண்டு. (இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளியும் ரோச் பிடிக்க மயிலிறகுத் தண்டைத்தான் தக்கையாக வைத்தானாம். இதைப் பிற்காலத்தில் ஒரு பழைய பத்திரிகையில் படித்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரனைக் கண்டதுபோல் இருந்தது.) மண்புழு கிடைக்காத நாளில் கோதுமை மாவில் கொஞ்சம் மஞ்சள் பிசைந்து உருட்டிப் போடுவோம். விரல் நீளக் கெண்டை இருபதும் முப்பதும் கிடைக்கும். அம்மா அதைச் சாம்பல் போட்டு உரசிக் கழுவி, புளி தூக்கலாகக் குழம்பு வைப்பாள். பக்கத்து லயத்து மலையாளத்து அம்மச்சி குடம்புளி போடச் சொல்வாள், அம்மா கேட்கமாட்டாள். முள் நிறைந்த மீன். சின்னப் பிள்ளைகளுக்கு அம்மாதான் முள் பார்த்து ஊட்ட வேண்டும். வாரத்தில் ஆறு நாள் கருவாடும் பருப்பும். ஏழாவது நாள் பச்சை மீன்.

ஒரு ஞாயிறு, மேல் ஓடையில் மீன் நிறைய இருக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கே போனோம். அது டிரவுட்டுக்கு ஒதுக்கிய ஓடை. பலகை இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது. வாட்சர் வந்து தூண்டிலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தான். எங்கள் சட்டியில் இருந்தது பதினோரு கெண்டை. டிரவுட் ஒன்றுகூட இல்லை. அதைக் காட்டினார் என் தகப்பனார். வாட்சர் சட்டியைக் காலால் தட்டிக் கவிழ்த்தான். அவனும் நம்மவன்தான், கம்பத்துக்காரன். மறுநாள் செக்ரோலில் தகப்பனாருக்கு அரை நாள் குறைந்திருந்தது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பிறகு அவர் தூண்டில் செய்யவும் இல்லை. அந்த எஸ்டேட்டின் பெயரை எழுத நான் விரும்பவில்லை.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு நான் நிறுத்தினால் கைதட்டுவீர்கள். துரை கெட்டவன், வாட்சர் கெட்டவன், நாம் நல்லவர்கள். ஆனால் நான் எழுத வந்தது அது மட்டுமல்ல.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சித்திரை மாதம். சித்தூர்ப் புழையில் தண்ணீர் நின்றுபோய் அங்கங்கே கசம் மட்டும் கிடந்தது. இந்த ஆற்றுக்குத் தண்ணீர் ஆழியாறில் இருந்து வருகிறது என்பதையும், பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்குத் தர வேண்டும் என்பதையும் நம்மில் பலர் அறிவோம். 1970-ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் வயலுக்குத் தண்ணீர் உண்டு; மீனுக்கு என்று ஒரு துளி கிடையாது. மதகை அடைத்தால் ஆறு கசமாகிவிடும். ஓர் ஆற்றின் மீன் முழுவதும், வரும் மழைக்கு முட்டை வைக்க வேண்டிய தாய் மீன் முழுவதும், அந்தக் கசங்களில் வந்து ஒடுங்கும். அப்படிப்பட்ட ஒரு கசத்தில் ஓர் இரவு மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றினார்கள். இங்கே துரிசு என்பார்களே, அதுதான். மிளகுக்கும் காப்பிக்கும் சுண்ணாம்போடு கலந்து அடிப்பது. விடிந்தபோது இரண்டு சாக்கு மீன் எடுத்தார்களாம். எடுக்காமல் விட்டது அதைப்போல் பல மடங்கு. நான் டியூட்டி முடிந்து காலையில் அந்த வழியாக வந்தேன். கெண்டை, கெளுத்தி, ஆரல், விரால், விலாங்கு எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அரிசி அளவுக் குஞ்சுகள் கரையோரம் நுரை போல ஒதுங்கிக் கிடந்தன. கீழே துணி துவைக்க வந்த பெண்கள் தண்ணீரைத் தொடாமல் திரும்பினார்கள். மாட்டைக் குடிக்க விடவில்லை.

கரையில் நின்றவர்கள் சொன்ன வார்த்தை: "பாண்டிக்காரன் வேலை."

எனக்குச் சுருக்கென்றது. வாய் திறந்து மறுக்கப் போனேன். மறுக்க முடியவில்லை தோழர்களே! அதைச் செய்தவர்கள் நம் காலனி ஆட்கள்தான். இருவர் நம் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள். அந்த மீனை நம் வீடுகளிலேயே குழம்பு வைத்தார்கள். விஷத்தில் செத்த மீனைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மலையாளிகள் துரிசு கலக்குவதில்லையா என்றால் கலக்குகிறார்கள், தோட்டாவும் போடுகிறார்கள். ஆனால் அவன் செய்தால் அவன் பெயர் மட்டும் கெடும். நம்மில் ஒருவன் செய்தால் நம் மொழியின் பெயர் கெடும். பிழைக்க வந்த இடத்தில் இது நியாயமா அநியாயமா என்று வாதாடிப் பயன் இல்லை, நடப்பு அதுதான்.

தோட்டாவைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். கல்குவாரியில் வேலை செய்யும் நம்மவர் கையில் அது எளிதாகக் கிடைக்கிறது. வலது கையில் இரண்டே விரல் உள்ள ஒருவர் மாதந்தோறும் என் ஜன்னலுக்கு வந்து சீசன் டிக்கெட் வாங்குகிறார். இடது கையால் பணம் எண்ணித் தருவார். திரி சின்னதாகிவிட்டது என்பார், வேறொன்றும் சொல்லமாட்டார். கரண்டு கம்பியைத் தண்ணீரில் விடுகிறவனுக்கு இரண்டு விரல்கூட மிஞ்சாது. விஷமும் வெடியும் வைத்து மீன் கொல்வது குற்றம் என்று 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே இருக்கிறது. கேரள அரசு 2010-ல் கொண்டுவந்த உள்நாட்டு மீன்வளச் சட்டம் இவற்றோடு சேர்த்து, முட்டை வைக்க எதிரேறும் மீனைத் தடுத்துப் பிடிப்பதையும் குற்றமாக்கிவிட்டது. மலையாளத்தில் 'ஊத்தபிடித்தம்' என்பது அதுதான்.

அந்த எதிரேற்றத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இடவப்பாதி மழை இரண்டு நாள் கொட்டியதும் ஆற்றுத் தண்ணீர் கலங்கி வாய்க்காலுக்கும் வயலுக்கும் ஏறும். அந்தப் புதுத்தண்ணீரின் வாசத்துக்கு மீன் வெறி பிடித்தாற்போல் மேலே ஏறும். முழங்கால் ஆழ ஓடையில் கெண்டையும் கெளுத்தியும் விராலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். வயிறு முட்டையால் புடைத்திருக்கும். ஓடவும் தெரியாது, ஒளியவும் தெரியாது. வாய்க்கால் மடையில் பறியை வைத்தால் போதும், நிரம்பிவிடும். அரிவாளால் வெட்டியும் பிடிக்கலாம். ஊரே டார்ச் லைட்டோடு திரியும். நானும் திரிந்திருக்கிறேன், பொய் சொல்லமாட்டேன். அந்த இரவுகளின் சந்தோஷம் தனி. ஒரு தாய்க் கெண்டையின் வயிற்றில் ஆயிரக்கணக்கில் முட்டை உண்டு என்பதும், நாம் பொரித்துத் தின்னும் அந்தச் சினை அடுத்த ஆண்டின் ஆறு என்பதும் அப்போது தெரியாது.

இப்போது இங்கிலாந்துக்குத் திரும்புவோம். ஷெஃபீல்டு என்று ஓர் ஊர். கத்தியும் எஃகும் செய்யும் ஊர். பட்டறைத் தொழிலாளிகளின் ஊர். டிரவுட் ஓடைக்குள் அவர்களை யார் விடுவார்? ஊருக்குள் ஓடும் டான் ஆறு ஆலைக் கழிவால் செத்துவிட்டது. ஆகவே அவர்கள் தூண்டில்காரர் சங்கங்கள் அமைத்தார்கள். விடுமுறை நாளில் ரெயிலேறி லிங்கன்ஷயர் பக்கம் வித்தம் ஆற்றுக்குப் போய் ரோச்சும் பிரீமும் பிடித்தார்கள். தூண்டில்காரர்களுக்கு ரெயில்வே கம்பெனிகள் மலிவு டிக்கெட் கொடுத்தன! (நம் ரெயில்வேயில் இதைக் கேட்டால் என்னை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.) மீன் குறையத் தொடங்கியதும் அந்தத் தொழிலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரபுவைப் போய்க் கெஞ்சவில்லை. தங்கள் பார்லிமெண்டு உறுப்பினர் முண்டெல்லாவைப் பிடித்தார்கள். 1878-ல் சட்டம் வந்தது. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, அதாவது சில்லறை மீன் முட்டை வைக்கும் மூன்று மாதமும், அதைப் பிடிக்கக் கூடாது. சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் அப்படிப்பட்ட பாதுகாப்பு முன்னமே இருந்தது; சீமான் மீன் அல்லவா? சில்லறை மீனுக்கும் ஒரு மரியாதை உண்டு என்று சட்டப் புத்தகத்தில் எழுத வைத்தவர்கள் கத்தி தீட்டும் கூலிகள். அதே முண்டெல்லாதான் 1880-ல் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பும் சட்டத்தையும் கொண்டுவந்தார். மீனைப் பற்றிப் பேசினால் கூலியைப் பற்றிப் பேச நேரம் இருக்காது என்று அந்தத் தொழிலாளிகள் நினைக்கவில்லை, அண்ணனே.

அவர்களுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு, மறைக்கவில்லை. இன்று இங்கிலாந்துக்காரன் ரோச்சைப் பிடித்து எடை பார்த்துத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுகிறான். அவனுக்கு அது பொழுதுபோக்கு, நமக்குக் குழம்பு. ரஷ்யாவில் கதை வேறு. காஸ்பியன் கடல் பக்கத்து ரோச்சை உப்புப் போட்டுக் காயவைத்து 'வோப்லா' என்று விற்கிறார்கள், அசல் கருவாடு. புரட்சிக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் பெட்ரோகிராடுத் தொழிலாளிக்குப் பங்கீட்டில் கிடைத்தது ரொட்டியும் அந்த வோப்லாவும்தான். போடிச் சந்தையில் இருந்து மலையேறிய கருவாட்டு மூட்டையைத் தின்று வளர்ந்த நமக்கு அந்தத் தொழிலாளியைப் புரியும். ஆகவே, பிடித்ததை விட்டுவிடு என்று நான் சொல்லவரவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். நோட்டுக்கும் குடைக்கும் கையில் காசு இருக்காது. அந்த மாதத்தில் இரண்டு கிலோ மீன் சும்மா கிடைத்தால் அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தீர்மானத்தில் தூண்டிலைச் சேர்க்கவில்லை. ஒரு முள், ஒரு நரம்பு, ஒரு பிள்ளை; இதனால் ஆறு அழியாது. மடையை அடைத்துப் பறி வைப்பதும், ஓடைக்குக் குறுக்கே வலை கட்டுவதும்தான் அழிவு. நாற்பத்தைந்து நாள் அதை மட்டும் நிறுத்துங்கள் என்கிறேன்.

நம் கையை நாமே கழுவிவிட்டு அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். என் அக்கறை முழுவதும் இதில்தான்.

மயில்துத்தத்தை நம்மவன் கையில் கொடுத்தது யார்? உடும்பன்சோலை ஏலக்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். மருந்து அடித்து முடித்ததும் டிரம்மையும் ஹோஸையும் கொண்டுபோய் ஓடையில் கழுவச் சொல்கிறார்கள். கழுவுகிறவன் நம்மவன்; கழுவச் சொல்கிறவன் வேறு. எண்டோசல்பானுக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை போட்டது. மற்ற மருந்துகள் இன்றும் தாராளமாக இறங்குகின்றன. இரவில் ஒரு கசத்தில் துரிசு ஊற்றியவனைப் போலீஸ் பிடிக்கும். ஆண்டு முழுதும் நூறு ஓடையில் மருந்து கலக்கிறவரை யார் பிடிக்கிறார்? இதைக் கேட்கும் வாய் நமக்கு வேண்டுமானால் முதலில் நம் துரிசு மூட்டையை நாம் எரிய வேண்டும்.

அணைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதிரப்புழையில் 1940-ல் பள்ளிவாசல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அது. பிறகு குண்டளை, மாட்டுப்பட்டி, ஆனையிறங்கல், பொன்முடி என்று அடுத்தடுத்து அணைகள். 1976-ல் இடுக்கி. மின்சாரம் வந்தது நல்லது; நான் வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல. ஆனால் நான் பார்த்த எந்த அணையிலும் மீன் மேலே ஏற ஒரு வழி கண்டதில்லை. பெரியாற்றின் தலைப்பகுதியில் மட்டும் வாழும் மீன் ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் கிடையாது. அதற்குப் பெயர் பிராமணக் கெண்டை. (மீனிலும் விட்டுவைக்கவில்லை பாருங்கள்!) அது இப்போது அழியும் பட்டியலில் இருக்கிறது. 1895-ல் கட்டிய முல்லைப்பெரியாறு அணைக்குப் பின்னால் தேங்கிய ஏரியில் இன்று வலையில் விழுவது பெரும்பாலும் வெளியூர் மீன்: ஜிலேபியும் சாதாக் கெண்டையும். ஜிலேபி ஆப்பிரிக்காவில் இருந்து 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைக்கு மலிவு மீன் என்று விட்டார்கள். மலிவுதான், ஆனால் மற்ற மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி அதைவிட மோசம். அரசாங்கம் தடை செய்த பிறகும் குட்டைகளில் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். வெள்ளம் வரும்போது அது ஆற்றுக்குள் போய்விடுகிறது. நம் ஆட்களில் சிலரும் வளர்க்கிறார்கள் என்று கேள்வி. விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தேக்கடி ஏரியில் மன்னான், பளியர் மக்களுக்கு மீன் பிடிக்க வனத்துறை உரிமை கொடுத்திருக்கிறது. அது சரி. நாம் வருமுன் அந்தக் காடு அவர்களுடையது. அதில் நாம் பங்கு கேட்கக் கூடாது. யாராவது கேட்டால் நான் எதிர்ப்பேன். பாலக்காட்டுப் பக்கம் மலம்புழா முதலான நீர்த்தேக்கங்களில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. குஞ்சு விட்டு வளர்த்துப் பிடித்து விற்பது அவற்றின் வேலை. நல்ல ஏற்பாடு. முதலமடையில் ஓர் அணைக்கு மீன்கரை என்றே பெயர். அந்த மீன்கரையின் கரையோரத்தில் நம் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன! அந்த மாதிரிச் சங்கத்தில் உறுப்பினராக நம்மவன் போய் நின்றால் முதல் கேள்வி: சாதிச் சான்றிதழ் எங்கே? தாசில்தார் ஆபீசுக்குப் போனால் அடுத்த கேள்வி: உன் தாத்தா 1950-ல் எங்கே இருந்தார்? ஜனாதிபதி உத்தரவு 1950 ஆகஸ்டில் வந்தது. அந்தத் தேதியில் இந்த மாநிலத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் செத்த கிழவனுக்கு என்ன காகிதம் இருக்கும்? எஸ்டேட் ஆபீசில் பழைய செக்ரோலைக் கேட்டால் கரையான் தின்றுவிட்டது என்பார்கள். மூன்று தலைமுறையாக இங்கே உழைத்தவன் அங்கே தமிழ்நாட்டிலும் பட்டியல் சாதி இல்லை, இங்கே கேரளத்திலும் இல்லை. பிள்ளையின் கல்லூரி இடத்துக்கு இதே சான்றிதழ். வீட்டு மனைக்கு இதே சான்றிதழ். மீனுக்கும் இதே சான்றிதழ். அண்ணன் கேட்டாரே, மீன் பெரிதா என்று? மீனின் வாலைப் பிடித்து இழுத்தால் தாசில்தார் ஆபீஸ் கதவு வரை வருகிறது. அதற்காகத்தான் பிடித்திருக்கிறேன்.

ஆகவே தீர்மானத்தை இரண்டு பாகமாக மறுபடி எழுதியிருக்கிறேன். முதல் பாகம் நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு, மேலே சொன்னதுதான். மீறுகிறவர் ஓர் ஆண்டுக்குச் சங்கப் பொறுப்பு எதிலும் இருக்க முடியாது. இரண்டாம் பாகம் கோரிக்கை. எஸ்டேட் எல்லைக்குள் ஓடும் ஓடைகளில், காட்டுச் சட்டம் தடுக்காத இடங்களில், லயத்துக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுவதை எந்த நிர்வாகமும் தடுக்கக்கூடாது. தடுப்புப் பலகை இருந்தால் அது தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். மருந்து டிரம்மை ஓடையில் கழுவச் சொன்னால் கழுவ மறுக்கும் தொழிலாளியின் பின்னால் சங்கம் நிற்க வேண்டும். பழைய செக்ரோல், ரேஷன் அட்டை, பள்ளிப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவு என எது இருந்தாலும் அதைக் குடியிருப்புச் சான்றாக ஏற்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் பாகத்தை மட்டும் நிறைவேற்றலாம், முதல் பாகத்தை விட்டுவிடலாம் என்று சில கமிட்டித் தோழர்கள் என்னிடம் தனியாகச் சொன்னார்கள். உறுப்பினர் கோபித்துக்கொள்வார்களாம். நான் ஒப்பவில்லை. மனுவோடு கலெக்டர் முன்னால் போய் நிற்கும்போது, சித்தூர்ப் புழையில் துரிசு கலந்தது யார் என்று அவர் கேட்டால் அங்கே நிற்கப்போவது நான். எனக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும்.

பெட்டிமுடியைப் பற்றிச் சொன்னார் அண்ணன். அந்த நாட்களில் நானும் அங்கே போயிருந்தேன். காணாமல் போனவர்களை மண்ணுக்குள் மட்டும் அல்ல, கிலோமீட்டர் கணக்கில் ஆற்றோடு கீழே போய்த் தேடினோம். அதற்குப் பிறகு அந்த ஆற்று மீனை நம் வீடுகளில் வெகுநாள் யாரும் தொடவில்லை. எனக்கு அது நன்றாகப் புரிகிறது. ஆற்றோடு நமக்குள்ள உறவு சந்தைக் கணக்கு மட்டும் என்றால் அப்படி இருந்திருக்காது.

வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு, பழைய ஒலவக்கோடு, இன்றைய பாலக்காடு ஜங்ஷன் அருகே நாம் வழக்கமாகக் கூடும் இடத்தில் பொதுக்குழு. மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு, நெல்லியாம்பதி கிளைகள் பிரதிநிதிகளை அனுப்ப வேண்டும். எதிர்க்கிறவர்கள் கட்டாயம் வர வேண்டும். வராமல் வீட்டில் இருந்து சிரிப்பதில் பயன் இல்லை. வருகிற கிளைகள் தங்கள் பகுதி ஓடைகளில் முன்பு கிடைத்த மீன், இப்போது கிடைக்கும் மீன் இரண்டின் பெயரையும் வயதானவர்களைக் கேட்டு எழுதிக் கொண்டுவந்தால் மனுவோடு சேர்த்துவிடலாம். எந்தப் பெயர் எந்த மீனுக்கு என்பதில் சண்டை வரும், வரட்டும். போடிக்கு இப்போது மறுபடி ரெயில் ஓடுகிறது. 2010-ல் மீட்டர்கேஜை நிறுத்தியபின் 2023-ல்தான் வந்தது. அந்தப் பக்கம் இருந்து வருகிறவர்கள் மதுரையில் மாறிப் பொள்ளாச்சி வழியாக வரலாம்; நேரம் வேண்டுமானால் எனக்கு எழுதிக் கேளுங்கள்.